எல்லோரும் ஆட வேண்டாமா? கார்டு விளையாட்டு: வாசகர் கேள்வி பதில்

மேஜிக், யூ-கி-ஓ, போக்கிமான் போன்ற டிரேடிங் கார்டு விளையாட்டுகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேட்பவர் வேறு, ஆடும் விளையாட்டு வேறு என்றாலும் குறை கிட்டத்தட்ட ஒன்றுதான்: பரிசு, பட்டம் எதுவும் இல்லாமல் நண்பர்களோடு சும்மா உட்கார்ந்து ஆடும்போது ஒரு சில கார்டுகள் வந்து விழுந்ததும் ஆட்டமே செத்துப்போகிறது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மேஜிக் விளையாட்டின் கமாண்டர் முறையை ஆடுகிறோம். என் டெக்கில், அதாவது ஆடுவதற்காகக் கட்டிவைத்த கார்டுக் கட்டில், தடை செய்யப்பட்ட கார்டு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் நான் ரிஸ்டிக் ஸ்டடியை இறக்கினாலோ, தாஸாஸ் ஒரக்கிள் காம்போவால் (சேர்ந்து வந்தால் ஆட்டத்தை முடித்துவிடும் கார்டு ஜோடியால்) ஜெயித்தாலோ மற்ற மூவரின் முகமும் சுருங்கிவிடுகிறது. விதிக்கு உட்பட்ட கார்டை நான் ஏன் டெக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்? எடுத்தே ஆக வேண்டும் என்றால் எதை எடுப்பது?

விதிப்படி நீங்கள் செய்வதில் தவறே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கமாண்டரின் தடைப் பட்டியல் வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்ட பட்டியல். முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு மேசையில் உட்கார ஒரு பொது எல்லை வேண்டுமே, அதற்காக இருப்பது அது. உங்கள் நால்வருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதை அந்தப் பட்டியல் எழுதியவர்களால் தெரிந்துகொள்ள முடியாது, நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

சரி, முகம் ஏன் சுருங்குகிறது? நீங்கள் சொன்ன இரண்டு கார்டுகளும் இரண்டு விதமாகத் தொல்லை கொடுப்பவை. ஒரக்கிளோடு டெமானிக் கன்ஸல்டேஷன் என்ற கார்டு சேர்ந்தால் மொத்தம் மூன்று மானாதான் (கார்டை ஆடக் கொடுக்கும் விலை) செலவு. டெக்கில் இல்லாத ஒரு கார்டின் பெயரைச் சொல்லி உங்கள் டெக் முழுவதையும் ஆட்டத்தை விட்டே நாடு கடத்திவிடுகிறீர்கள், டெக் காலியாக இருப்பதால் ஒரக்கிள் உங்களை வெற்றியாளர் ஆக்கிவிடுகிறது. எதிரே இருப்பவர் நாற்பது உயிர்ப்புள்ளியில் ஒன்றைக்கூட இழக்காமல், இவ்வளவு நேரம் கட்டிய படையை ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் தோற்கிறார். அவர் அதுவரை எடுத்த எந்த முடிவுக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது, அதுதான் கசக்கிறது. ரிஸ்டிக் ஸ்டடி அப்படி இல்லை. அது யாரையும் தோற்கடிப்பதில்லை. மற்றவர் ஒவ்வொரு முறை கார்டு ஆடும்போதும் "ஒரு மானா கட்டுகிறாயா, இல்லை நான் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஆட்டம் முழுக்கக் கேட்கவைக்கிறது. கட்டினால் அவர் வேகம் குறைகிறது, கட்டாவிட்டால் உங்கள் கை நிறைகிறது. இரண்டு மணி நேரம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது உண்மையிலேயே களைப்பு.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, என் கணக்கில் அதுதான் மிக மோசம்: மற்றவரை ஆடவே விடாத கார்டுகள். விண்டர் ஆர்ப் இருந்தால் மானா தரும் லேண்ட் கார்டுகளில் ஒரு முறைக்கு ஒன்றுக்கு மேல் நிமிர்த்த, அதாவது மறுபடி பயன்படுத்தத் தயாராக்க, முடியாது, ஸ்டேசிஸ் இருந்தால் எதையுமே நிமிர்த்த முடியாது, ஆர்மகெட்டன் நான்கு மானாவுக்கு மேசையில் உள்ள எல்லா லேண்டுகளையும் அழித்துவிடும். ஒருவர் கார்டு எடுக்கிறார், பார்க்கிறார், "பாஸ்" என்கிறார். அடுத்தவரும் அப்படியே. வலிமையான கார்டிடம் தோற்பதை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள், கையைக் கட்டிப்போட்டு உட்காரவைத்தால் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் ஒரு கார்டை டெக்கிலிருந்து நீக்கலாமா வேண்டாமா என்று பார்க்கும்போது நான் அதன் விலையையோ பெயரையோ பார்ப்பதில்லை. இது இறங்கிய பிறகு மற்ற மூவரும் அடுத்த முறையில் யோசித்து எடுக்க ஏதாவது ஒரு முடிவு மிச்சமிருக்குமா என்று மட்டும் பார்க்கிறேன். இதில் கார்டைவிட அதை எப்போது ஆடுகிறோம் என்பதும் சேரும். சைக்ளோனிக் ரிஃப்ட்டை ஏழு மானா கொடுத்து ஆடினால் மற்றவர்களின் லேண்டைத் தவிர எல்லாம் கைக்குத் திரும்பிவிடும். அதே முறையில் தாக்கி ஆட்டத்தை முடித்துவிட்டால் அது ஒரு நல்ல முடிவு, எல்லோரும் கை தட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கார்டைக் கலைப்பார்கள். ஆனால் தற்காப்புக்காக ஆடிவிட்டு, ஜெயிக்கவும் வழியில்லாமல் நீங்களும் உட்கார்ந்திருந்தால், மூன்று பேர் ஒரு மணி நேரமாகக் கட்டியதை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆர்மகெட்டனும் அப்படித்தான். இரண்டு முறையில் எல்லோரையும் முடிக்கக்கூடிய படை மேசையில் இருக்கும்போது அது ஒரு முற்றுப்புள்ளி, வெறும் மேசையில் ஆடினால் அது ஒரு தண்டனை.

எதை எடுப்பது என்று கேட்டீர்கள். காம்போவைத் தொடாமல், டெக்கிலிருந்து வேண்டியதைத் தேடி எடுத்துத் தரும் கார்டுகளை முதலில் நீக்குங்கள் என்பேன், டெமானிக் ட்யூட்டர் போன்றவற்றை. கமாண்டரில் நூறு கார்டு, அடிப்படை லேண்ட் தவிர ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் என்று வைத்திருப்பதே ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி போகட்டும் என்பதற்குத்தான். ட்யூட்டர்களை அடுக்கி வைத்தால் அந்த நூறும் நான்கைந்து கார்டாகச் சுருங்கிவிடும், எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி முடியும். அவற்றை எடுத்துவிட்டுக் காம்போவை மட்டும் வைத்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு நாள் தானாகக் கைக்கு வரும், அன்று உங்கள் நண்பர்களே அதை ரசிப்பார்கள். ஒரக்கிள் காம்போ மட்டும் இதற்கு விதிவிலக்கு. மூன்று மானாவில் முடியும் காம்போ சாதாரண மேசைக்கு எப்போது வந்தாலும் அதிகம்தான்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயக்கமாக இருந்தால் 2025 பிப்ரவரியில் மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் சோதனையாக வெளியிட்ட பிராக்கெட் முறையைப் பயன்படுத்துங்கள். டெக்குகளை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள், ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடும் கார்டுகளைத் தனியாக ஒரு பட்டியலில் போட்டார்கள். முதல் இரண்டு படிகளில் அந்தப் பட்டியல் கார்டு கூடவே கூடாது, மூன்றாவது படியில் மூன்று வரை வைக்கலாம், அதற்கு மேல் வரம்பில்லை. ரிஸ்டிக் ஸ்டடி, சைக்ளோனிக் ரிஃப்ட், டெமானிக் ட்யூட்டர், தாஸாஸ் ஒரக்கிள் எல்லாமே அந்தப் பட்டியலில் வந்தவை. லேண்டுகளை மொத்தமாக அழிப்பதும் கீழ்ப்படிகளில் கிடையாது. "நாம் மூன்றாம் படியில் ஆடலாமா?" என்று கேட்பது "உன் டெக் ரொம்ப ஓவர்" என்று சொல்வதைவிட எவ்வளவோ சுலபம்.

கேள்வி: கமாண்டர் டெக்கில் சோல் ரிங் கார்டு இருந்தால் தப்பா?

ஒரு மானா கொடுத்து இறக்கினால் ஒவ்வொரு முறையும் இரண்டு மானா தரும் கார்டு, முதல் முறையிலேயே வந்தால் அந்த ஆட்டம் அந்த ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும், அதில் சந்தேகம் இல்லை. 2024 செப்டம்பரில் மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ், டாக்ஸைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் ஆகிய வேகமாக மானா தரும் கார்டுகளைக் கமாண்டரில் தடை செய்தபோதுகூட சோல் ரிங்கை விட்டுவைத்தார்கள். கடையில் கிடைக்கும் ஆயத்த கமாண்டர் டெக்கிலேயே அது வருகிறது, எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் யாருக்கும் தனியாகச் சலுகை இல்லை. வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் எல்லோரும் சம்மதித்தால் நால்வரும் எடுத்துவிட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்கள், ஆட்டம் சீராகப் போகும்.

கேள்வி: எதிராளி ஆடும் கார்டை ரத்து செய்யும் கவுண்டர் கார்டுகளும் ஆட்டத்தைக் கெடுப்பவைதானே?

இல்லை. ஒரு கார்டுக்கு ஒரு கார்டு, அதற்கு மானாவும் நேரம் பார்த்துக் காத்திருப்பதும் வேண்டும், அது நியாயமான பரிமாற்றம். நாற்பது கவுண்டர் வைத்துக்கொண்டு ஜெயிக்க ஒரே ஒரு கார்டு வைத்திருந்தால் மட்டும் பேசலாம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவன் எப்போதும் லாக் டெக்தான் கொண்டுவருவான். வரி போடுவது, நிமிர்த்த விடாமல் செய்வது, கார்டு எடுக்க விடாமல் செய்வது, இதுதான் அவனுக்குப் பிடிக்கும். நெருங்கிய நண்பன், கோபித்துக்கொள்வானோ என்று பயம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். எப்படிச் சொல்வது?

மற்றவர்கள் வராமல் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் தோற்ற சூட்டில், கார்டை மேசையில் வீசிவிட்டுச் சொல்லாதீர்கள். அப்போது எது சொன்னாலும் தோற்ற வயிற்றெரிச்சலில் பேசுவதாகத்தான் அவனுக்குக் கேட்கும். ஆட்டமே இல்லாத ஒரு நேரத்தில், தனியாக, "போன ஆட்டத்தில் ஆறு முறை நான் ஒன்றுமே செய்யாமல் பாஸ் சொன்னேன்டா, எனக்கு ஆடின மாதிரியே இல்லை" என்று நடந்ததைச் சொல்லுங்கள். நீ இப்படிப்பட்டவன் என்று தொடங்கிவிடாதீர்கள். அப்புறம் அவன் பக்கத்தையும் கேளுங்கள், இதைப் பலர் செய்வதே இல்லை. லாக் டெக்கை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பிறரைத் துன்புறுத்த விரும்புகிறவர்கள் அல்ல. மேசையில் நடப்பதெல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருப்பதும், சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து ஒரு பூட்டைக் கட்டுவதும் அவர்களுக்குப் பிடிக்கிறது. அந்த ருசிக்கு வேறு வழி காட்ட முடியும். ஒரு மானா கூடுதலாகக் கேட்கும் கார்டு இருக்கட்டும், நிமிர்த்தவே விடாத கார்டு வேண்டாம். வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்தால் அவனுக்கும் டெக்கை மாற்ற ஒரு பிடி கிடைக்கும்.

பூட்டு எப்படிப்பட்டதாக இருக்கக் கூடாது என்பதற்கு யூ-கி-ஓவில் யாட்டா-கராசு என்ற மான்ஸ்டர் கார்டு நல்ல உதாரணம். தாக்கும் வலிமை வெறும் 200. ஆனால் அது தொட்டுவிட்டால் எதிராளி அடுத்த முறை கார்டு எடுக்க முடியாது. கையிலும் மேசையிலும் எதுவும் இல்லாதவர் கார்டும் எடுக்க முடியாவிட்டால் என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் அந்த 200 அடியை வாங்கிக்கொண்டு 8000 உயிர்ப்புள்ளி தீரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் லாக் முழுதாக விழுந்துவிட்டது, உடைக்க வழியில்லை என்று தெரிந்த நொடியே மற்றவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிடுங்கள். மேஜிக்கில் எப்போது வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ள விதியே இடம் தருகிறது, அதில் அவமானம் ஒன்றுமில்லை. நண்பனுக்கு வெற்றி, உங்களுக்கு அடுத்த ஆட்டம். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பாதி வெறுப்பு அங்கேயே போய்விடும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் டெக்குகளில் எதிராளியின் கார்டை அழிக்கும் கார்டுகள் எத்தனை? சாதாரணமாக ஆடும் குழுக்களில் எல்லோரும் தன் படையைப் பெருக்கும் கார்டுகளாகவே அடுக்கிவிட்டு, விண்டர் ஆர்ப் போன்ற ஒரு சாதாரணக் கலைப்பொருளை உடைக்க ஒரு கார்டுகூட இல்லாமல் வந்து உட்காருவார்கள். நூறு கார்டு டெக்கில் எட்டு பத்தாவது அதற்கு ஒதுக்குங்கள். அதைச் செய்த பிறகும் தாங்க முடியவில்லை என்றால் உங்கள் புகாருக்கு வலு இருக்கிறது.

கேள்வி: நான் பழைய யூ-கி-ஓ ரசிகன், பல வருடம் கழித்து மறுபடி ஆட வந்தேன். எதிராளி தன் முதல் முறையிலேயே பத்து நிமிடம் கார்டு மேல் கார்டாக இறக்குகிறார், நான் வேடிக்கை பார்க்கிறேன். என் முறை வந்தால் எதைத் தொட்டாலும் ரத்து செய்கிறார். இதில் என்ன சுவை?

யூ-கி-ஓவில் மானா போல ஒரு செலவுக் கணக்கு கிடையாது. சாதாரணமாக ஒரு முறைக்கு ஒரு மான்ஸ்டரைத்தான் அழைக்கலாம், ஆனால் சிறப்பு அழைப்புக்குப் பொதுவான எண்ணிக்கை வரம்பு இல்லை. கார்டுகள் கூடக் கூட ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும் சங்கிலி நீண்டுகொண்டே போனது. இன்றைய போட்டி ஆட்டக்காரர்கள் அதற்கு ஏற்ப எதிராளியின் முறையிலேயே கையிலிருந்து இடைமறிக்கும் கார்டுகளை வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குள் அது நல்ல ஆட்டம்தான். திரும்பி வந்தவருக்குத்தான் அது சுவர்.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, காலத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். 2005-ஆம் ஆண்டு இருந்த கார்டுகளையும் அப்போதைய தடைப் பட்டியலையும் மட்டும் வைத்து ஆடும் கோட் ஃபார்மட் என்று ஒரு முறை இருக்கிறது, இன்றும் அதை விரும்பி ஆடுகிறவர்கள் உண்டு, உங்களுக்கு நினைவில் இருக்கும் யூ-கி-ஓ அனேகமாக அதுதான். இன்னொன்று, புதிய கார்டுகளோடே ஆட வேண்டும் என்றால், முதல் முறை முடியும்போது எதிராளியை ரத்து செய்யும் மான்ஸ்டர் ஒன்றுக்கு மேல் மேசையில் இருக்கக் கூடாது என்று வீட்டு விதி வையுங்கள். சங்கிலி தானாகவே சுருங்கும், ஏனென்றால் பெரும்பாலான நீண்ட சங்கிலிகள் இரண்டாவது மூன்றாவது ரத்தைத் தேடித்தான் நீள்கின்றன.

நேரம் வீணாவதை அற்பக் குறையாக நினைக்க வேண்டாம். போக்கிமானில் லிசாண்டர்ஸ் ட்ரம்ப் கார்டு என்று ஒன்று இருந்தது, ஆடினால் இருவரின் கழிவுக் குவியலும் டெக்குக்குத் திரும்பிவிடும். டெக் தீரும் என்ற பயமே இல்லாமல் போனது, ஆட்டங்கள் நீண்டன, 2015-ல் அதைப் போட்டிகளில் தடை செய்தார்கள்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 8 வயது, எனக்கு 13. போக்கிமான் கார்டு ஆடினால் நான்தான் எப்போதும் ஜெயிக்கிறேன், அவன் அழுகிறான். வேண்டுமென்றே தோற்கலாமா?

வேண்டாம் கண்ணா, ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவான், அன்று இன்னும் அதிகமாக அழுவான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் டெக்கை மாற்றிக்கொள்ளுங்கள், நீ கட்டிய டெக்கை அவன் எடுக்கட்டும். அடுத்த முறை டெக் கட்டும்போது எந்தக் கார்டு எதிரே வந்தால் கடுப்பாக இருக்கும் என்று உனக்கே தெரியும். இருவர் டெக்கிலிருந்தும் பெயரில் 'எக்ஸ்' என்று வரும் வலிமையான போக்கிமான்களை எடுத்துவிடுங்கள், அப்போது ஒன்றை வீழ்த்தினால் ஒரு பரிசுக் கார்டுதான், ஜெயிக்க வேண்டிய ஆறையும் எடுக்க நேரம் ஆகும், அவனுக்கும் மீண்டு வர வாய்ப்பு கிடைக்கும். அப்படியும் போதவில்லை என்றால் அவனுக்குப் பரிசுக் கார்டு நான்கு, உனக்கு ஆறு. உன் முழுத் திறமையோடு ஆடு.

கேள்வி: ஆட்டத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தே இப்படிப்பட்ட கார்டுகளை ஏன் அச்சிடுகிறார்கள்?

பெரும்பாலும் தெரிந்து செய்வதில்லை, அந்தக் கார்டு எந்தச் சூழலுக்காக வந்ததோ அதை விட்டு வேறு சூழலுக்குப் போனதும்தான் பிரச்சினை. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக் வந்தபோது, ஒரு நண்பர் குழுவிடம் கொஞ்சம் கார்டுகள்தான் இருக்கும், பிளாக் லோட்டஸ் போன்ற மிக வலிமையான கார்டு ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம் என்ற எண்ணத்தில்தான் எல்லாம் அமைந்தது. ஒரு டெக்கில் ஒரே கார்டு நான்குக்கு மேல் கூடாது என்ற விதிகூட ஆரம்பத்தில் இல்லை. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ரிஸ்டிக் ஸ்டடி 2000-ல் வந்தபோது அது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் காமன் கார்டு. இருவர் ஆடும் ஆட்டத்தில் எதிராளி ஒருவர்தான், அவர் சமாளித்துவிடுவார். அதே கார்டை மூன்று எதிராளிகள் உள்ள மேசையில் வையுங்கள், அது வேறு கார்டு. 2004-ல் வந்த ஸ்கல்கிளாம்ப் இன்னொரு விதம். மாட்டிய உயிரினத்துக்கு வலிமை ஒன்று கூடும், தாங்கும் சக்தி ஒன்று குறையும், அது செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். அந்தக் குறைவு ஒரு பலவீனம் போலத் தெரியும். தாங்கும் சக்தி ஒன்றே உள்ள உயிரினத்துக்கு மாட்டினால் உடனே செத்து, ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு கைக்கு வந்துவிடும். வந்த அதே வருடத்திலேயே ஸ்டாண்டர்ட் என்ற போட்டி முறையில் தடை செய்தார்கள். காகிதத்தில் படிக்கும்போது தெரியாதது ஆயிரக்கணக்கானோர் ஆடும்போது சில நாளில் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் குழுவுக்கு நாங்களே ஒரு தடைப் பட்டியல் போடலாம் என்று இருக்கிறோம். சரியாக வருமா?

வரும், ஆனால் பட்டியல் நீள ஆரம்பித்தால் சண்டையும் நீளும். தோற்றவர் ஒவ்வொரு வாரமும் ஒரு கார்டைச் சேர்க்கச் சொல்வார், கடைசியில் யாருக்கும் பிடித்த கார்டு மிஞ்சாது. தடைக்குப் பதில் புள்ளி முறையை முயலுங்கள் என்பேன். கனடியன் ஹைலேண்டர் என்ற நூறு கார்டு ஆட்டமுறையில் மிக வலிமையான கார்டுகளுக்கு மட்டும் புள்ளி வைத்திருக்கிறார்கள், ஒரு டெக்கில் மொத்தம் பத்துப் புள்ளிக்கு மேல் போகக் கூடாது. எந்தக் கார்டுக்கும் முழுத் தடை என்று சொல்ல வேண்டியதில்லை, ஒன்றை வைத்தால் இன்னொன்றை விட வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்தது, தன் செல்லக் கார்டை யாரும் முழுதாக இழக்க வேண்டியதில்லை என்பது.

உங்கள் குழுவில் எல்லோரும் ஆளுக்கு ஐந்து கார்டுகளின் பெயரை, எதிரே வந்தால் ஆடவே பிடிக்காது என்பவற்றை, தனித்தனியாகச் சீட்டில் எழுதுங்கள். இரண்டு பேராவது எழுதியவற்றுக்கு மட்டும் புள்ளி போடுங்கள். ஒருவர் மட்டும் எழுதிய கார்டு அவருடைய தனிப்பட்ட கசப்பு, அதற்கு அவர் டெக்கிலேயே பதில் தேடட்டும். மற்றவரை ஆடவிடாத கார்டுக்கு அதிகப் புள்ளி, வெறும் வலிமையான கார்டுக்குக் குறைவு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் நாளில் பட்டியலை மாற்றக் கூடாது. மாதம் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள், அப்போது ஏதாவது ஒரு கார்டைக் கட்டாயம் பட்டியலிலிருந்து விடுவித்துப் பாருங்கள், அது மறுபடி தொல்லை கொடுத்தால் அடுத்த மாதம் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.